ஆட்டுக்குப் போட்ட கட்டு

ஜூலை 14, ஞாயிறு

தக்காளி நாற்று மறுபடியும் செத்துவிட்டது. வெயிலைக் குறை சொல்ல முடியாது, தண்ணீரையும் சொல்ல முடியாது. கடப்பாரையைப் போட்டால் 'ணங்' என்கிறது. செங்கல் துண்டு, காய்ந்த சிமெண்ட், ஒரு டைல்ஸ் மூலை. மனையை ரோட்டு மட்டத்துக்கு ஏற்றித் தருகிறேன் என்று சொன்ன புண்ணியவான் எங்கேயோ இடித்த கட்டடத்தை இங்கே கொண்டுவந்து கொட்டி, மேலே செம்மண்ணைத் தூவிவிட்டுப் போயிருக்கிறான். மல்லிகை நகரில் எல்லா வீட்டுக்கும் இதே கதைதான். அதனால்தான் எல்லோரும் பின்பக்கத்தைச் சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்கள்.

இவர் சிரிக்கிறார். "ஒரகடத்துல கார் பார்ட்ஸ்தான் விளையும் வினோ. தக்காளிக்குப் படப்பை மார்க்கெட் போ."

போகலாம்தான். ஏன் இந்தப் பிடிவாதம் எனக்கு? பகல் முழுக்கக் கம்பெனியில் யாரோ செய்த ஒயரைச் சரியா தப்பா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று ஒன்று முளைத்து, அதை நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜூலை 21, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது, விதைத்துவிட்டேன். காய்கறி இல்லை. சணப்பும் காராமணியும் கலந்து. வாலாஜாபாத் விதைக்கடையில் வாங்கியது. வளர விட்டு, பூ எடுக்கிற நேரத்தில் வெட்டி, அந்த மண்ணிலேயே போட்டுப் புதைத்துவிட வேண்டுமாம். செடி மக்கி மண் உயிர் பிடிக்கும். பசுந்தாள் உரம். போனில் நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு நானே வேளாண்மை அதிகாரி மாதிரி இவருக்குப் பாடம் எடுத்தேன்.

காந்திமதி அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூலை மனையில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சின்ன வீடு அவர்களுடையது. அவர்களுடையது என்றால், மனைக்காரர் சென்னையில் இருக்கிறார், இவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு அதிலேயே இருக்கிறார்கள். காலையில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங், மதியத்துக்கு மேல் இரண்டு ஆடுகள்.

"இன்னா வெதக்கிற, கீரையா?"

விளக்கினேன்.

"வளத்து வளத்து மண்ணுலயே போட்டு மூடப் போறியா? அத்த எங்க ஆட்டுக்காச்சும் போடு, புண்ணியமா போவும்."

நான் சிரித்தேன். உங்கள் ஆட்டுக்குத்தான் வாராவாரம் புல் வருகிறதே என்றேன். உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை பிடுங்குகிற களையை ஒரு கட்டாகக் கட்டிச் சுவர்மேல் வைப்பது என் வழக்கம். பெரிய ஆடு முன்கால் இரண்டையும் சுவர்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, நான் கட்டி முடிக்கும்வரை அதட்டிக்கொண்டே இருக்கும். வரவர வாடகை வசூலிக்க வந்த மாதிரி நிற்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

முளைத்துவிட்டது. எல்லாம். செங்கல் துண்டுக்கு நடுவிலும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம் முடிந்து சுபாஷ் சார் வீட்டுக்கு வந்தார். மல்லிகை நகர் சங்கச் செயலாளர். மிட்டாய் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். சணப்பு இடுப்பு உயரம் வந்துவிட்டது.

"மேடம், பாம்பு வரும் மேடம். காடு மாதிரி இருக்கு." அப்படியே குரலைத் தாழ்த்தி, "அந்தப் பக்கம் ஆடு, இந்தப் பக்கம் காடு. இது டிடிசிபி அப்ரூவ்டு லேஅவுட்."

இது உரம் சார் என்று சொன்னேன். நம்பவில்லை. ஆட்டைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அது நம்மைப் பற்றியது இல்லையே.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பூ! மஞ்சள். நுனி முழுக்க. காராமணி அடியில் தரையே தெரியாமல் படர்ந்து கிடக்கிறது.

என் லைனில் வேலை செய்கிற நிலாவைக் கூட்டிவந்து காட்டினேன். காந்திமதி அக்கா வீட்டுக்கு எதிர் வீட்டில் வாடகைக்கு இருக்கிற பெண். அவள் சணப்புக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். அந்த போட்டோவை 'மல்லிகை நகர் குடும்பம்' குரூப்பில் போட்டேன். யாருடைய பிறந்தநாளுக்கும் இத்தனை இதயம் விழுந்ததில்லை. சுபாஷ் சாரே கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்று வெட்ட வேண்டும். இதற்குமேல் விட்டால் தண்டு நாராகிவிடும், மக்காது. தெரியும். வெட்டவில்லை. வண்டு எல்லாம் வருகிறது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். 'வினோதினி வீட்டுப் பூ' என்கிறார்கள். ஐந்து வருஷமாக இந்த நகரில் நான் 'அந்த ஷிஃப்ட்டுக்குப் போற அம்மா'தான்.

"உரம்னுதான் போட்ட, இப்ப எக்ஸிபிஷன் நடத்துற" என்கிறார் இவர். அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றேன்.

செப்டம்பர் 5, வியாழன்

எல்லாம் போச்சு. ஒண்ணுமே இல்ல.

ஆறரைக்குக் கம்பெனி பஸ்ஸில் இறங்கினேன். தூறல். கரண்ட் வேறு இல்லை. டீ போட அடுப்பங்கரைக்குப் போய் ஜன்னலைத் திறந்தால் மஞ்சள் இல்லை. செடியே இல்லை. இருட்டாகத் தரை. சுவருக்கு அந்தப் பக்கம் காந்திமதி அக்கா வீட்டுச் சிம்னி விளக்கு வெளிச்சம், அதற்குப் பக்கத்தில் ஆடு இரண்டும் தலையைக் குனிந்து மென்றுகொண்டு நிற்கின்றன. பெரிய ஆட்டின் வாயில் மஞ்சள் பூ. என் பூ.

இவருக்கு இரண்டாவது ஷிஃப்ட். போன் லாக்கரில் இருக்கும், லைனுக்குள்ளே கொண்டுபோகக் கூடாது. அடித்துப் பார்த்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது.

குரூப்பில் பேசிப் போட்டுவிட்டேன். என்ன பேசினேன்? "நாங்க இல்லாத நேரத்துல வீட்டுக்குப் பின்னாடி பூந்து மொத்தச் செடியையும் அறுத்துட்டுப் போயிருக்காங்க, எல்லாம் அந்த காந்திமதி வேலை, ஆடு வளக்கறதுக்கு நம்ம வீடுதான் கிடைச்சுதா, இதுக்குப் பேர் திருட்டுதான்." இப்படித்தான். இன்னும் ஏதோ. அழுதுகொண்டே பேசினேன்.

பதில் வந்துகொண்டே இருக்கிறது. எல்லோரும் என் பக்கம். கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

செப்டம்பர் 6, வெள்ளி

எப்படி எழுதுவது.

காலையில் எழுந்ததும் இவர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். "பின்னாடி வந்து பாரு." போனேன். சணப்பு எங்கேயும் போகவில்லை. வெட்டி, துண்டு துண்டாக நறுக்கி, வரிசை வரிசையாகக் கிடத்தி, மேலே மண்ணை இழுத்து மூடியிருக்கிறது. அங்கங்கே மண்ணுக்கு வெளியே மஞ்சள் பூ நீட்டிக்கொண்டிருக்கிறது. நேற்று ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்வரை காலை முழுக்க இவர்தான் செய்திருக்கிறார். "நீ வெட்ட மாட்டேன்னு தெரியும். அதான் நானே பண்ணிட்டேன். கையெல்லாம் கொப்புளம் பாரு."

"ஆட்டுக்கு?"

"அரிவாள் அக்காகிட்டதான வாங்கினேன். சும்மா எப்படி வாங்கறது? காராமணிக் கொடியும் ஒரு பிடி சணப்புமா ஒரு கட்டு சுவர்மேல வெச்சேன். நீ எப்பவும் வெப்பியே, அந்த மாதிரி."

ஜன்னலிலிருந்து தோட்டத்துக்குப் பத்தடி. நான் போய்ப் பார்க்கவில்லை. செருப்பு மாட்டச் சோம்பல், தூறல். கம்பெனியில் ஒரு ஒயருக்கு ரிஜெக்ட் என்று சிவப்பு டேக் கட்டுவதற்கு முன்னால் விளக்கில் காட்டி, கேஜ் வைத்து அளந்து, சந்தேகம் என்றால் இன்னொருத்தரைக் கூப்பிட்டுக் காட்டுகிறவள் நான். ட்ரெய்னிங்கில் புதுப் பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறவளும் நான். பார்க்காமல் டேக் கட்டாதே. ஒரு மனுஷிக்குக் கட்டிவிட்டேன்.

குரூப்பில் போட்டதை இவரிடம் சொன்னேன். சிரிப்பு நின்றது. போனை வாங்கிக் கேட்டார். முழுக்கக் கேட்டார். என்னைத் திட்டவில்லை. "அழிச்சுடு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அழித்துவிட்டேன்.

சாயங்காலம்

நிலா லைனில் சொன்னாள். "அக்கா, காந்திமதி அக்காகிட்ட நேத்தே போட்டுக் காட்டிட்டாங்க. டீக்கடையில."

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்தேன். ஒவ்வொரு வருஷமும் ஒரு கிண்ணம் சுவர்மேல் போகும். இந்த வருஷம் எடுத்து வைத்தேன். கொண்டுபோகக் கால் வரவில்லை. சாயங்காலம் நானே தின்றேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

குரூப்பில் போடுவதற்கு எத்தனை முறை டைப் செய்து அழித்தேன். 'நான் தவறாக' என்று ஆரம்பித்தால் விரல் நிற்கிறது. கடைசியில் போட்டது இது: 'அந்த விஷயம் பேசி முடிந்துவிட்டது. யாரும் தொடர வேண்டாம். நன்றி.'

பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேசவும் இல்லை, முடியவும் இல்லை. அப்புறம் இது பொய் இல்லாமல் வேறு என்ன?

சுபாஷ் சார் பதில் போட்டார். 'மன்னித்துவிட்டீர்கள். பெரிய மனசு மேடம்.' அதற்குக் கீழே கைகூப்பல்கள் வரிசையாக. நான் மன்னித்தேனாம். பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடித்தேன்.

செப்டம்பர் 11, புதன்

இவர் இன்றைக்குத்தான் அதைப் பார்த்தார்.

"பேசி முடிஞ்சுதா? யார்கிட்ட பேசின?"

தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். பின்னாலேயே வந்தார்.

"அவங்க அரிவாளைக்கூட நான் இன்னும் திருப்பிக் குடுக்கல வினோ. எந்த மூஞ்சிய வெச்சிகிட்டுப் போறது?"

அரிவாள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. நானும் அதைத் தினமும் பார்க்கிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சுபாஷ் சார் சென்னையில் இருக்கிற மனைக்காரருக்குப் போன் செய்துவிட்டார். சங்கத்துக்கு எழுத்து மூலமாகப் புகார் வேண்டியதில்லை, குரல் பதிவே இருக்கிறது என்று சொன்னாராம். நான் அழித்துவிட்டேனே? நாலு பேர் சேமித்து வைத்திருக்கிறார்களாம். ஆட்டை எடு, இல்லையென்றால் வீட்டைக் காலி செய் என்று மனைக்காரர் சொல்லிவிட்டார். நிலாதான் சொன்னாள்.

சுபாஷ் சாருக்கு வெகுநாளாக ஆட்டின் மேல் கண். கயிறு இல்லாமல் இருந்தது. நான் திரித்துக் கொடுத்தேன்.

இன்றைக்குப் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் நின்றிருக்கும். உடை மாற்றிக்கொண்டு வாசல்வரை போனேன். அவர் வீட்டு வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். இவ்வளவுதான் நான்.

ஏன் எனக்கு அன்றைக்குச் சந்தேகமே வரவில்லை? வாராவாரம் என் கையாலேயே தழை வைக்கிறேன். ஒரு கட்டு அந்தப் பக்கம் போனால் அதற்குப் பேர் திருட்டு என்று எப்படித் தோன்றியது? நிலா வீட்டில் அந்தப் பூவைப் பார்த்திருந்தால் 'யார் குடுத்தாங்க' என்றுதான் கேட்டிருப்பேன். அந்த வார்த்தை ரொம்ப நாளாக எனக்குள் தயாராக இருந்திருக்கிறது. அக்கா அக்கா என்று கூப்பிட்ட வாய்க்குள்ளேயே.

செப்டம்பர் 21, சனி

ஆட்டை ஏற்றிப்போகக் குட்டியானை வண்டி வந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சின்ன ஆடு ஏறிவிட்டது. பெரியது சினை. காலை ஊன்றிக்கொண்டு நின்றது. அக்காதான் இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஏற்றினார்கள். வண்டி திரும்பும்போது அது இந்தச் சுவரைப் பார்த்துக் கத்தியது. களைக் கட்டு கேட்கிற அதே கத்தல்.

செப்டம்பர் 22, ஞாயிறு

செய்துவிட்டேன். குரூப்பில் பேசிப் போட்டேன். எழுதிப் படிக்கவில்லை, வாய்க்கு வந்தபடி: நான் பார்க்காமல் பேசிவிட்டேன், செடியை வெட்டியது என் வீட்டுக்காரர், தழை கொடுத்ததும் அவர், அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை, முழுத் தப்பும் என்னுடையது, எல்லோரும் மன்னிக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றாகக் கட்டைவிரல். 'உங்க நேர்மைக்கு வணக்கம்' என்று யாரோ. சுபாஷ் சார் மட்டும் மௌனம்.

நெஞ்சில் வைத்திருந்த கல்லை இறக்கிய மாதிரி இருக்கிறது. இவரும் இன்று முகம் பார்த்துப் பேசினார். நன்றாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கத்தரி நாற்று நட்டேன். மண் இறங்குகிறது! கைவிரலே போதும். கறுத்திருக்கிறது, மழை வாசனை. ஒரு மண்புழு. இந்த மனையில் நான் பார்க்கிற முதல் புழு. இவரைக் கத்திக் கூப்பிட்டேன்.

அக்கா அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கத்தியது கேட்டிருக்கும். திரும்பவே இல்லை.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஊரறிய மன்னிப்புக் கேட்டாயிற்று. இன்னும் என்ன செய்ய வேண்டுமாம்? காலில் விழ வேண்டுமா?

அக்டோபர் 4, வெள்ளி

மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும், என் லட்சணம் தெரியட்டும்.

டீ பிரேக்கில் நிலாவிடம் புலம்பினேன். நான் மன்னிப்புக் கேட்ட பிறகும் அக்கா பேசவில்லையே என்று. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அவங்க கேட்டாதானக்கா? அவங்ககிட்ட பட்டன் போன்தான். குரூப்லயே இல்ல."

"நீங்க யாரும் போட்டுக் காட்டலியா?"

"இல்லக்கா. யாரும் காட்டல போலிருக்கு." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நானும்தான்."

திட்டியதை டீக்கடையில் போட்டுக் காட்டினார்கள். தண்ணீர் லாரி வந்தபோது போட்டுக் காட்டினார்கள். மன்னிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தரும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மற்றவர்களைச் சொல்லி என்ன? கூப்பிடு தூரத்தில் இருக்கிற நானே ஏறவில்லை. கட்டைவிரல்களை எண்ணிக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டேன்.

யாரிடம் மன்னிப்புக் கேட்டேன் நான்? சுபாஷ் சாரிடமா?

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பொரி, பூசணிக்காய். என் கேஜுக்கு நானே சந்தனம் வைத்தேன். வீட்டுக்கு வந்தால் இவர் பூஜையை ஆரம்பித்துவிட்டார். ஸ்பேனர் செட், வண்டிச் சாவி, மண்வெட்டி, கடப்பாரை. வரிசையில் கடைசியாக அந்த அரிவாள். கழுவி, சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு.

"அது நம்மளது இல்லியே" என்றேன்.

"நம்ம வேலையத்தான செஞ்சுது" என்றார்.

கற்பூரம் காட்டும்போது சாமியைப் பார்க்க முடியவில்லை. அரிவாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பூஜையில் வைத்ததை இன்று எடுக்கக் கூடாது. நாளைக்கு எடுக்கலாம்.

அக்டோபர் 12, சனி

போனேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து கம்பெனி யூனிஃபார்மில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஆடு கட்டுகிற முளை அப்படியே இருந்தது. கயிறும் இருந்தது.

"அக்கா, அரிவாள்."

வாங்கினார்கள். குங்குமத்தைப் பார்த்தார்கள். "பூஜையில வெச்சீங்களா" என்று கேட்டுவிட்டு மறுபடி ஊசியைப் பிடித்தார்கள். உட்கார் என்று சொல்லவில்லை.

நின்றபடியே சொன்னேன். பாக்காம பேசிட்டேன், நீங்க எடுக்கல, அவர்தான் குடுத்தார், தப்பு என் மேல. குரூப்லயும் சொல்லிட்டேன் அக்கா. இதை ஏன் கடைசியில் சேர்த்தேன்? அதற்கும் ஒரு மார்க் போடுவார்கள் என்றா?

"எனுக்கு யாரும் காட்டல. மொத சொன்னத மட்டும் கேட்டேன். டீக்கடயில கேட்டேன், தண்ணி லாரிகிட்ட கேட்டேன், கம்பனி பஸ்ஸுல கூட கேட்டேன். உன் கொரலு நல்லா தெளிவா கீது." நூலைப் பல்லால் கடித்தார்கள். "போன் வெச்சிகினு கீறியா? போடு."

போட்டேன். நின்றுகொண்டு நான், உட்கார்ந்துகொண்டு அவர்கள், நடுவில் என் குரல். என் காதுக்கே யாரோ மேடையில் பேசுகிற மாதிரி இருந்தது. முடிந்ததும் அக்கா ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தார்கள்.

"திருடுனப்ப காந்திமதி. இப்ப அந்த அம்மாவா?"

உண்மைதான். திட்டும்போது பெயர் கூசாமல் வந்தது. மன்னிப்புக் கேட்கும்போது பெயரைச் சொல்லவே இல்லை. இத்தனை நாளில் எனக்கே தெரியவில்லை.

"பேரு சொல்லி மறுபடி போடறேன் அக்கா."

"வாணாம். ஆடு பூடிச்சி." யூனிஃபார்மை உதறி மடித்தார்கள். "தழ காணோம்னா வந்து கேட்டிருக்கலாம். ஒரு செவுருதான?"

உள்ளே போய்விட்டார்கள். கதவை முழுக்கச் சாத்தவில்லை. திறந்தும் வைக்கவில்லை.

சாயங்காலம்

வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் பேசிப் போட்டேன். காந்திமதி அக்கா திருடவில்லை, வினோதினி பொய் சொன்னாள், அதனால் அவர்கள் ஆடு போனது. இந்த மூன்றை மட்டும். சுபாஷ் சார் உடனே, 'முடிந்த விஷயம் மேடம், குரூப் சூழலைக் கெடுக்க வேண்டாம்.' வேறு யாரும் ஒன்றும் போடவில்லை. இந்தத் தடவை நெஞ்சு லேசாகவில்லை. ஆகவும் கூடாது.

அக்டோபர் 14, திங்கள்

கம்பெனி பஸ்ஸில் நான் கேட்காமலே நிலா எழுந்து, போன் சத்தத்தைக் கூட்டிவைத்து, சனிக்கிழமை நான் பேசியதைப் போட்டாள். டிரைவர்வரை கேட்டிருக்கும். தலையைக் குனிந்துகொண்டேன். அதுதான் சரி.

நவம்பர் 17, ஞாயிறு

கத்தரி காய்த்துத் தள்ளுகிறது. கொத்துக் கொத்தாக. ஒரு கிண்ணம் சுவர்மேல் வைத்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

கிண்ணம் அப்படியே இருக்கிறது. மழைத் தண்ணீர் நிரம்பி, காய் மிதக்கிறது. எடுத்துவந்து மண்ணில் புதைத்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

மறுபடி வைத்தேன். சாயங்காலம் கிண்ணம் காலி. காக்காயா, அக்காவா என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் போகவே இல்லை நான்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். அந்த முளைக்கு மஞ்சள் பூசியிருக்கிறார்கள். ஆடு இல்லாத முளைக்கு.

பிப்ரவரி 2, ஞாயிறு

கத்தரியைப் பிடுங்கிவிட்டு மறுபடி சணப்பும் காராமணியும் விதைத்தேன். ஒரு தடவை போட்டால் போதாது, இந்த மண்ணுக்கு இன்னும் வேண்டும். கீழே இன்னும் கட்டட இடிபாடு கிடக்கிறது. கடப்பாரைக்குத் தெரிகிறது.

யாருக்கும் விளக்கவில்லை. போட்டோவும் எடுக்கப்போவதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மொட்டு.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் பல் துலக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். பாதிக்குமேல் பூ. வெட்ட வேண்டும் என்று தெரிந்தும் எதை வைத்து வெட்டுவது என்று நின்றேன். படப்பைக்குப் போய் ஒரு அரிவாள் வாங்க வேண்டும் என்று மாசம் பிறந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன், வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"பூ வுட்டாச்சி. இந்த வாட்டியும் பாத்துகினே நிக்கப் போறியா?"

அக்டோபருக்குப் பிறகு அந்தக் குரலை இன்றைக்குத்தான் கேட்கிறேன். நிமிர்ந்தபோது முகம் இல்லை, முதுகுதான் தெரிந்தது. சுவர்மேல் அரிவாள் இருந்தது. சாணை பிடித்திருந்தது.

நன்றி என்று சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும் போலிருந்தது. வெட்ட ஆரம்பித்தேன். இவரும் வந்து நறுக்கினார். பூவோடு, கொழுந்தோடு, எல்லாம் மண்ணுக்குள். இந்தத் தடவை ஒரு பூவுக்கும் நான் யோசிக்கவில்லை.

சுவரோரம் காராமணிக் கொடி நன்றாகப் படர்ந்திருந்தது. அதை அறுத்து, ஒரு பிடி சணப்பும் சேர்த்துக் கட்டாகக் கட்டினேன். கை தானாகவே செய்தது. தூக்கிக்கொண்டு போய்ச் சுவர்மேல் வைக்கப் போனேன். அந்தப் பக்கம் அதட்ட யாரும் இல்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அக்கா துணிக்கொடிக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் கட்டோடு நான். பிறகு அவர்கள் குனிந்து வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து உதறினார்கள்.

திரும்பி வந்து கட்டை அவிழ்த்தேன். ஆட்டுக்கு வைத்திருந்ததையும் சேர்த்து மண்ணில் போட்டு மூடினேன்.